ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம்

"எம் பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன் சிஸ்டர்."

"மௌனத் தியானம் நடக்குதும்மா. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாரும் பேசக் கூடாது. ஏதாவது அவசரமா?"

"அவசரமெல்லாம் இல்ல. நெஞ்சு லேசா அடைக்குது. அவ குரலைக் கேட்டா சரியாப் போயிடும். இப்பவும் அப்பத்தைக் கருக்கிட்டுத்தான் இருக்காளா?"

"நேத்துகூட ஒரு தட்டு கருகிப் போச்சு."

"வீட்டுலயும் அப்படித்தான். அடுப்புல எதையாவது வெச்சுட்டு ஜன்னல்ல போய் நிப்பா. திட்டாதீங்க. விடுங்க, ஞாயிற்றுக்கிழமையே பேசிக்கறேன்."

வாசல் சிஸ்டர் ரிசீவரை வைத்தார். அவசரமானால் மடத்துத் தலைவியான மதரிடம் சொல்லலாம் என்று விதி இருந்தது. அந்த அம்மாவே அவசரமில்லை என்றுவிட்டார், தியானத்தில் இருப்பவளை ஏன் கலைக்க வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார். சனிக்கிழமை விடிகிற நேரத்தில் மறுபடி மணி அடித்தது. பேசியது அந்த அம்மாவின் மகன்.

அம்மா மடத்துக்குப் பேசிய விஷயமே அடக்கத்தன்று அண்ணன் சொல்லித்தான் மகளான குட்டி சிஸ்டருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வருடத்துக்கொன்றாக இரண்டு தவக்காலங்கள் வந்துபோயின. வாசல் சிஸ்டர் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். ஃபாதர் பாவமன்னிப்பும் கொடுத்தார். கடைசியில், "கடவுள்கிட்ட கேட்டாச்சு. அந்தப் பொண்ணுகிட்ட எப்பக் கேக்கப் போறீங்க?" என்றார். அந்தக் கேள்வி மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

குட்டி சிஸ்டர் சண்டை போட்டிருந்தால் தேவலாம். "சாவி கொடுங்க", "மாவு வந்துச்சா", அதற்கு மேல் பேச்சில்லை. சில நாள் தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். "அன்னிக்கு..." என்று தொடங்குவாள். வாசல் சிஸ்டரின் முகம் வெளிறுவதைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவாள்.

இன்று அவளுக்கு வேறு மடத்துக்கு மாற்றல். இந்த மடத்தின் வழக்கப்படி, புறப்படுகிறவர் உணவறையில் ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றங்களுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் "மன்னித்தேன்" என்று சொல்லித் தூக்கிவிட வேண்டும்.

அவள் கேட்டு, நான் மன்னிப்பதா? வாசல் சிஸ்டருக்குக் காலையிலிருந்து கை ஓடவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

அப்பம் சுடும் அறைக்குப் போனார். பூசைக்கான அப்பங்களைக் குட்டி சிஸ்டர் வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தாள். சமையல் சிஸ்டர் ஓரத் துண்டுகளை மென்றபடி நின்றார்.

"இவ போயிட்டா கருகினதெல்லாம் இனிமே யார் எனக்குத் தருவா?"

"புது மடத்துல கருக்கினதும் பார்சல் அனுப்பறேன்."

சிரிப்பு அடங்கியது. வாசல் சிஸ்டர் வாயைத் திறந்தார். "அப்பம் போட டப்பா போதுமான்னு கேக்க வந்தேன்" என்றுதான் வந்தது.

"போதும்" என்றாள், நிமிராமல்.

மதிய உணவு முடிந்தது. வேன் வெளியே வந்து நின்றது. குட்டி சிஸ்டர் மதரிடம் தொடங்கி வரிசையாக வந்தாள். சமையல் சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே "மன்னித்தேன்" என்றார். அடுத்தது வாசல் சிஸ்டர்.

அவள் மண்டியிடக் குனிந்தபோதே, வாத முழங்காலை மடக்கி வாசல் சிஸ்டர் தரையில் இறங்கிவிட்டார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை.

"நீ கேக்காதம்மா. கேக்க வேண்டியவ நான். அன்னிக்கே உன்கிட்ட ஓடி வந்து சொல்லியிருக்கணும். பெரிய தப்பு பண்ணிட்டேன்."

குட்டி சிஸ்டரும் எதிரே மண்டியிட்டாள். வழக்கமான வார்த்தைகள் வரவில்லை. வாசல் சிஸ்டரின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா போன்ல என்ன பேசினாங்க சிஸ்டர்? ஒண்ணு விடாம எனக்குச் சொல்லுங்க."