கரடியின் முன்னால் ஒரு சண்டை

நாங்கள் வந்து இறங்கிய மறுநாள் காலையில் ஒரு கரடி ஏரியின் எதிர்க்கரையில் நின்று எங்கள் கூடாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் அலாஸ்காவின் கோடியாக் தீவுக் கரடிகளுக்கு மனிதர்களை வேடிக்கை பார்க்க நேரம் இருக்காது. ஓடை முழுக்க சால்மன் மீன் முட்டிமோதிக்கொண்டு ஏறும். தின்னவே பொழுது போதாது. இதுவோ மீனை விட்டுவிட்டு மூக்கை உயர்த்தி உயர்த்தி மோப்பம் பிடித்தது. காற்று எங்களிடமிருந்து அதன் பக்கம் வீசிக்கொண்டிருந்தது.

யாரோ கூடாரத்துக்குள் தின்பண்டம் வைத்திருக்கிறார்கள். எனக்கு உடனே அப்படித்தான் தோன்றியது. யார் என்றும் முடிவு செய்துவிட்டேன்.

நாங்கள் மூன்று பேர். நான், என் தம்பி மாக்கர், வசந்தத்தில் அவன் மணந்துகொண்ட ரோவீனா. மாக்கர் தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம் வைத்திருக்கிறான். வேட்டைக்காரர்களையும் மலையேற வருபவர்களையும் தீவின் ஏரிகளில் கொண்டு விடுவதுதான் அவன் தொழில். எங்களையும் அவன்தான் இங்கே இறக்கினான். ரோவீனா ஆங்கரேஜ் நகரத்துப் பெண். காட்டில் தங்குவது அவளுக்கு இதுவே முதல் தடவை.

வந்து இறங்கியதுமே அவளிடம் சொல்லியிருந்தேன். "இங்க பாரு ரோவீனா, சமையல் அந்தப் பாறைக்கு அப்பால. சாப்பாடு, பற்பசை, முகத்துல பூசற கிரீம், வாசனை வர்ற எதுவும் கரடி திறக்க முடியாத அந்த டப்பாவுக்குள்ள. கூடாரத்துக்குள்ள ஒரு பருக்கை போகக் கூடாது. கூடாரத்தச் சுத்தியிருக்கற மின்வேலியத் தாண்டினா, திரும்ப ஸ்விட்ச போட்டுட்டுத்தான் போகணும்."

"சரிங்க அண்ணி" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவள் செய்த ஒவ்வொன்றும் எனக்கு உறுத்தியது. நான் பக்கத்தில் போனால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சாயங்காலம் அவர்கள் கூடாரத்துக்குள் காகிதம் கசங்கும் சத்தம் கேட்டது. என்னவென்று கேட்டால், "சும்மா, பைய ஒழுங்குபடுத்தறேன்" என்றாள். மாக்கர் வேறு ஆளே மாறியிருந்தான். காரணமில்லாமல் சிடுசிடுத்தான். அடிக்கடி தனியாக ஒதுங்கிப் போனான். புதுப்பெண்டாட்டி தலையணை மந்திரம் ஓதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கரடியைப் பார்த்த அன்று, அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து அவர்கள் கூடாரத்துக்குள் புகுந்தேன். அவள் பையை முழுசாகக் கவிழ்த்துப் பார்த்தேன். துணிமணி தவிர ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே லேசாக ஆரஞ்சு வாசனை அடித்தது. மாக்கரின் பையை நான் தொடவில்லை. அவன் இந்தத் தீவில் பிறந்தவன். அவனுக்குத் தெரியாததா?

அடுத்த நாள் காலை மேட்டில் பழம் பறிக்கக் கிளம்பினோம். "நீங்க முன்னால போங்க, வந்துடறேன்" என்று மாக்கர் சற்றுப் பின்தங்கி வந்து சேர்ந்துகொண்டான். மேட்டில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இறங்கும்போது கால்கள் பின்னின. முகமெல்லாம் வேர்த்திருந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

"டேய், குடிச்சிருக்கியா?"

"குடிச்சா என்ன, நீயென்ன போலீஸா?" என்று குழறினான்.

ரோவீனாவை முறைத்தேன். ஓ, தின்பண்டத்தோடு பாட்டிலும் வந்திருக்கிறதா?

ஆல்டர் புதர்கள் இருபக்கமும் நெருங்கி நிற்கும் வளைவில் கைதட்டிக்கொண்டேதான் இறங்கினோம். ஓடை இரைச்சலில் அது எடுபடவில்லை போலிருக்கிறது. வளைவு திரும்பினால், பாதையின் நடுவில் அதே கரடி. காதுகளைப் பின்னுக்கு மடித்து, பல்லைக் கடகடவென்று தட்டியது. வாயோரம் எச்சில் ஒழுகியது.

"ஓடாதீங்க. ஒட்டி நில்லுங்க" என்றபடி இடுப்பிலிருந்த, கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயை எடுத்துப் பூட்டைக் கழற்றினேன். மெதுவாகப் பின்வாங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மாக்கர் பொத்தென்று தரையில் உட்கார்ந்தான்.

"எந்திரிடா."

"வேலைக்குப் போகலக்கா, விடு" என்று சிரித்தான்.

என் முதுகுக்குப் பின்னால் காகிதம் கிழியும் சத்தம். ஆரஞ்சு வாசனை. மாக்கரின் சட்டை உள்பையில் கைவிட்டு எதையோ எடுத்து அவன் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள் ரோவீனா. கரடி மூக்கைத் தூக்கியது.

கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. நாம் மனிதர்கள் என்று அதற்குத் தெரிய, தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டிலாட்டுகிற குரலில்தான் கேட்டேன். "ரோவீனா கண்ணு, என்னடி அது?"

"குளுக்கோஸ் மிட்டாய், அண்ணி."

"நாசமாப் போச்சு. அதைத்தான் கூடாரத்துல வெச்சிருந்தியா?"

"நான் வெக்கல. அவருதான் தலைமாட்டுல வெச்சுக்கறாரு. சர்க்கரை இறங்கிடுச்சு அண்ணி, இப்ப குடுக்கலேன்னா மயங்கிடுவாரு."

"யாருக்குச் சர்க்கரை? ஐயா, நாங்க மனுஷங்கதான், உங்களுக்கு வழி விட்டுடறோம், நில்லுங்க ஐயா. யாருக்குடி சர்க்கரை?"

"உங்க தம்பிக்கு. பனிக்காலத்துலேருந்து ஊசி போட்டுக்கறாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாரு. வெளிய தெரிஞ்சா விமானம் ஓட்டற உரிமம் போயிடுமாம்."

அந்த வார்த்தை மண்டையில் இறங்க ஒரு கணம் ஆனது. இவன் இந்த உடம்போடுதான் எங்களை மலைகளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஊரார் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோடை முழுக்கப் பறந்திருக்கிறான்.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன்.

கரடி பாய்ந்து வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை வேகமாக வரும் என்று கண்ணால் பார்த்தாலும் நம்ப முடியாது. அதன் முகத்துக்குக் கீழே குறிவைத்து ஸ்ப்ரேயை அழுத்தினேன். செம்மஞ்சள் புகை சுவர் போல எழுந்தது. கரடி அதற்குள் தலையை நீட்டி, செருமி, உடம்பைத் திருகித் திரும்பிப் புதருக்குள் முறித்துக்கொண்டு போனது. கிளைகள் ஒடியும் சத்தம் ஓயும்வரை நான் விரலை எடுக்கவில்லை. புகையில் பாதி எங்கள் மேலேயே திரும்பி வந்தது. மூவரும் இருமி இருமிக் கண்ணீர் விட்டோம்.

"யார் மேலக்கா அடிச்ச, என் மேலயா?" என்றான் மாக்கர். குழறல் போயிருந்தது.

"உன் மேலதான் அடிச்சிருக்கணும்."

கூடாரங்களுக்கு வந்தபோது இன்னொன்று காத்திருந்தது. மின்வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அவர்கள் கூடாரம் நீளவாக்கில் கிழிந்து, படுக்கைப் பை வெளியே இழுபட்டு, மிட்டாய்க் காகிதங்கள் புல்லெல்லாம் சிதறிக் கிடந்தன. கரடி இங்கே வந்துவிட்டுத்தான் எங்கள் எதிரே வந்திருக்கிறது.

வேலியின் ஸ்விட்ச் போடப்படவில்லை. ரோவீனாவைப் பார்க்கத் திரும்பிய என் தலையை நானே நிறுத்திக்கொண்டேன்.

"நான்தானே கடைசியா வந்தேன்" என்றான் மாக்கர். "போட்டேன்னுதான் நெனச்சேன்க்கா."

ருசி கண்டுவிட்டது, கட்டாயம் திரும்பி வரும். உடனே கிளம்பியாக வேண்டும். மாக்கர் விமானத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

"நீ ஓட்டப் போறதில்ல" என்றேன்.

"இப்ப சரியாயிட்டேன்க்கா. சத்தியமா."

"உன் சத்தியத்தையெல்லாம் இவகிட்ட வெச்சுக்க."

செயற்கைக்கோள் தொலைபேசியில் யெகோரைக் கூப்பிட்டேன். மாக்கரின் தொழிலுக்குப் போட்டிக்காரன்.

"அவனையா? நாளைக்கே ஊர் பூரா சொல்லிடுவான்" என்று மாக்கர் கெஞ்சினான்.

"சொல்லட்டும்" என்றேன். அடுத்து வனவிலங்குத் துறைக்கும் பேசி, கரடிக்கு மனிதத் தீனி கிடைத்துவிட்டது, இந்த ஏரிக்கு யாரையும் அனுப்பாதீர்கள் என்று சொன்னேன்.

நானும் ரோவீனாவும் கரையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே காத்திருந்தோம். மாக்கர் சற்றுத் தள்ளி முழங்காலில் தலைகவிழ்ந்திருந்தான்.

"நீங்க என் பையக் கொட்டிப் பாத்தத நான் பாத்தேன், அண்ணி" என்றாள் ரோவீனா திடீரென்று.

எனக்கு முகம் சுட்டது. "பாத்துட்டு ஏன் சும்மா இருந்த?"

"வேணும்னேதான் தண்ணி எடுக்க அவ்வளவு நேரம் பண்ணேன். அவர் பையையும் பாப்பீங்கன்னு நெனச்சேன். என் வாயால சொல்ல முடியாது. நீங்களா கண்டுபிடிச்சுடுவீங்கன்னு." பாத்திரத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "நீங்க என்னை மட்டும்தான் தேடினீங்க."

யெகோரின் விமானச் சத்தம் மலைக்குப் பின்னால் கேட்கும்வரை நானும் பாத்திரத்தையே தட்டிக்கொண்டிருந்தேன்.

மாக்கர் தானே போய் விமானத் துறை அதிகாரிகளிடம் தன் சர்க்கரை நோயைச் சொன்னான். ரோவீனா பிடித்துத் தள்ளித்தான் போனான் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் பறக்கவில்லை. என்னோடு பேசவுமில்லை. ஏகப்பட்ட பரிசோதனைகளுக்கும் நிபந்தனைகளுக்கும் பிறகு அவனுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது.

முதல் பயணத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டான். ஏறுவதற்கு முன்னால், "சர்க்கரை பாக்கற கருவியக் காட்டு" என்றேன்.

"இன்னும் சந்தேகமாக்கா?"

"காட்டுடா."

முணுமுணுத்துக்கொண்டே கையிலிருந்த கருவியின் எண்ணைக் காட்டினான். சரியாகத்தான் இருந்தது. ரோவீனாவின் பக்கத்தில் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். கீழே ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவிப் போயின. நான் எதையும் பார்க்கவில்லை. வேர்க்கிறதா என்று அவன் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், ரோவீனாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.