வலிக்காத சண்டை

"டிவியத் தூக்கு. ஐஸ் பெட்டிக்கு வேற பிளக் பாயின்ட் இல்ல" என்றான் ஜெரால்ட்.

ஸ்நேகா ஒரு பக்கம் பிடித்தாள், அவன் மறுபக்கம். டிவியை உள்ளறைக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தார்கள். அது இருந்த இடத்தில் ஜெரால்டின் அம்மா சாராளைக் கிடத்திய பெட்டி வந்து நின்றது. ஒயரைச் செருகியதும் மெல்ல உறுமத் தொடங்கியது.

சாராள் சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனி கேன்டீனில் சமையல் செய்தவள். அன்று மதியம் சாம்பார் அண்டாவை இறக்கிவிட்டு, மூச்சு வாங்குகிறதென்று உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே ஸ்நேகாவுக்கு மாமியாரின் ருசி தெரிந்துவிட்டது. வேலை முடிந்து வந்து குளித்து, டீயோடு டிவி முன்னால் உட்காருவாள். சீரியல் ஆகாது. கிரிக்கெட்டும் ஆகாது. "நிக்கறானுங்க, நிக்கறானுங்க, நின்னுக்கினே இருக்கானுங்க" என்பாள். ரெஸ்லிங்தான் பார்ப்பாள். தடித்தடியான ஆட்கள் கயிறு கட்டிய மேடையில் ஒருவரையொருவர் தூக்கிப் போடும்போது பூண்டு உரிக்கும் கை அப்படியே நிற்கும். "டேய், பின்னாடி வரான்டா, திரும்பு!" என்று அவள் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். முதலில் ஸ்நேகா மிரண்டாள். ஒரு மாதத்தில் அவளும் சேர்ந்து கத்தினாள்.

சபைப் பெண்கள் கேலி செய்தால் சாராளிடம் பதில் இருந்தது. "வேதத்துலயே ராத்திரி பூரா தேவதூதனோட மல்லுக்கட்னவரு இருக்காரு. நான் பாக்கத்தான செய்யறேன்?"

ஜெரால்ட் மட்டும் ரெஸ்லிங் போட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

மறுநாள் காலையில் பாஸ்டர் பாக்கியநாதன் வந்து ஜெபித்தார். பிறகு ஜெரால்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். "கல்லறையில ரெண்டு வார்த்த பேசணும் தம்பி. அம்மாவுக்கு எதுல ரொம்பப் பிரியம்?"

"ஜெபக்கூட்டம் பாஸ்டர்."

"ரெஸ்லிங்" என்றாள் ஸ்நேகா. நினைப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

பெட்டியருகே இருந்த கேன்டீன் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெரால்ட் எழுந்து பின்பக்கம் போனான். ஸ்நேகாவும் பின்னாலேயே போனாள். துவைக்கும் கல்லில் சாய்ந்து நின்றிருந்தான்.

"மானத்த வாங்கிட்டியே."

"தப்புதாங்க. ஆனா நெஜம்தான அது?"

"உனக்கு இன்னா தெரியும்? எங்கப்பா குடிச்சிட்டு வந்து எங்கம்மாவ அடிக்கும்போது நான் கட்டிலுக்கு அடியில பூந்துக்குவேன். அங்கயிருந்து எல்லாம் தெரியும். அந்தாளு செத்தே எவ்ளோ வருஷமாச்சி! வாங்குன அடி பத்தலன்னு தெனமும் அடிய பாத்துக்கினு, கை தட்டிக்கினு... என்னால அங்க ஒக்கார முடியல, ஸ்நேகா."

அத்தையின் இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணியிருக்கும். கேன்டீனில் விழுந்ததாகத்தான் அவள் சொல்லியிருந்தாள். ஸ்நேகா தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே ஒரு தபா கேட்டேங்க. எப்டி அத்த இதப் போயி பாக்கறீங்கன்னு."

"இன்னா சொன்னாங்க?"

"'அடிக்கிறவனும் வாங்கறவனும் மொதல்லயே பேசி வெச்சிக்கிறாங்க ஸ்நேகா. கீழ வுழறவனுக்கு எப்டி வுழணும்னு தெரியும். ஆட்டம் முடிஞ்சா ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்டுவானுங்க. யாருக்கும் வலிக்காது. அதான் பாக்கறேன்'னாங்க."

ஜெரால்ட் குழாயைத் திறந்து முகம் கழுவினான். வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் எல்லோருக்கும் சொல்வதைத்தான் முதலில் சொன்னார். உழைப்பாளி, பொறுமைசாலி, விசுவாசி என்றார். கொஞ்சம் நிறுத்தி ஜெரால்டைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

"போன கிறிஸ்மஸுக்கு நான் இவங்க வீட்டுக்குப் போனேன். கேக் துண்ட கையில குடுத்துட்டு, 'கொஞ்சம் இருங்க பாஸ்டர், மேட்ச் முடியட்டும், அப்புறம் ஜெபம் பண்லாம்'னாங்க. சரின்னு நானும் ஒக்காந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாத்தான் இருந்துச்சி."

கேன்டீன் பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பி, போகப்போக அழுகையானது. ஜெரால்ட் கையில் எடுத்த மண்ணைப் போடாமல் நின்றுகொண்டிருந்தான். ஸ்நேகா அவன் முழங்கையைத் தொட்ட பிறகுதான் போட்டான்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. பைக் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டு கூட்ஸ் வண்டி மெதுவாக வரத் தொடங்கியிருந்தது.

"அம்மாக்கு அதுல யாரப் புடிக்கும்?" ஜெரால்ட் திரும்பாமலே கேட்டான்.

"ஒரு திருட்டுப்பய இருக்கான். ரெஃப்ரீ அந்தாண்ட திரும்புனா போதும், நாற்காலிய எடுத்து..."

கூட்ஸ் அவர்கள் எதிரே வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகத் தடதடத்தது.

"கேக்கல" என்று கத்தினான்.

தலையைப் பின்னால் சாய்த்து அவள் பக்கமாகக் காதைக் கொடுத்தான். ஸ்நேகா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயைக் காதருகே வைத்து, முதலிலிருந்து சொன்னாள்.