சாய்ந்த கடல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்பவனுக்கு மிச்சமிருக்கிற பல்லும் விழுந்துவிடட்டும். அத்தனையும் சத்தியம்.

உல்லாசப் படகில் பயணிகளை வீடியோ எடுத்துப் பிழைத்த அந்த மனிதரைப் படகுத்துறையில் எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்க்கிற கருவிக்குள் ஒரு குமிழி ஓடுமே, அது இவருடைய மண்டைக்குள் ஓடியது. மற்ற படக்காரர்கள் படகின் கைப்பிடிக் கம்பியை நம்பிக் கேமராவைப் பிடிப்பார்கள். கம்பி படகோடு ஆடும். படத்தில் கடல் ஒரு பக்கமாக வழிந்துவிடும். இவர் ஆட்டம் குறைந்த நடுப்படகில் நின்று, முழங்காலைத் தளர்த்தி, முழங்கையை விலாவோடு ஒட்டி, கடலும் வானமும் சேரும் கோட்டை மட்டும் பார்ப்பார். புயலில்கூட அவர் தலையில் வைத்த தேநீரின் ஆடை கலையாது. சில நாள் அலைகளே அவர் முகத்துக்காகக் கொஞ்சம் அடங்கிப் போனதுண்டு. கரையில்தான் கஷ்டம். ஆடாத தரையில் நிற்கத் தெரியாமல் சொந்த வீட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஞாயிறுதோறும் தன் மனைவியும் படகில் வருவாள் என்று ரசமட்டம் சொல்வார். படகை ஓட்டியது அவளுடைய தம்பி. வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டால் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவள் இருக்க மாட்டாள். ஓரத்தில் ஒரு முழங்கை, இல்லையென்றால் பறக்கிற கூந்தல் நுனி.

“என் மூஞ்சி எங்கங்க?”

“மூஞ்சிய விடு. கோட்டைப் பாரு, எவ்வளவு நேரா இருக்கு.”

“பேசாம அந்தக் கோட்டோடயே குடும்பம் நடத்தியிருக்கலாம் நீங்க. சோறும் அதுவே ஆக்கிப் போட்டிருக்கும்.”

ஒரு காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அடையாள அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் படத்தைத் தவிர அவள் முகம் வீட்டில் எங்கும் இல்லை. அசைகிற மாதிரி, சிரிக்கிற மாதிரி ஒரு துண்டு கிடைத்தால் போதும் என்று ரசமட்டம் பழைய வீடியோக்களையெல்லாம் போட்டுப் போட்டுப் பார்த்தார். கண் பூத்துப்போனது. எல்லாவற்றிலும் கடல் ஈவிரக்கமில்லாமல் நேராக இருந்தது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. பெரிய அலை அடித்து, வாழ்நாளில் ஒரே தடவை அவர் கை தவறிய படம். கடல் மலைச்சரிவு போலச் சாய்ந்து கிடந்தது. அதன் கீழ் மூலையில் ஒரு பெண், கூந்தல் முகத்தில் அடிக்க, வெயிலுக்கு நெற்றியில் கைவைத்தபடி சிரித்தாள். மைத்துனனுக்கு ஆள் அனுப்பினார்.

“அக்காதானே மச்சான்? அந்தக் கையைப் பாரு. அவ அப்படித்தான் வைப்பா.”

மைத்துனன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். படம் ஓடி முடிந்தது. மறுபடி போடச் சொன்னான்.

“அக்காதான் மாமா,” என்றான், அவர் பக்கம் திரும்பாமல்.

“கோணலா இருக்கே.”

“கம்ப்யூட்டர்ல நேராக்கிடலாம் மாமா. ஒரு நிமிஷ வேலை.”

“நேராக்கினா மூலை வெட்டுப்படும். அவ மூலையிலதானே நிக்கிறா.”

ரசமட்டம் கொல்லைக்குப் போய்ச் செங்கல் எடுத்து வந்தார். டிவியை அப்படியே விட்டுவிட்டுத் தன் நாற்காலியின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு முட்டுக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்ததும் கடல் நேரானது, அவளும் போகவில்லை. அதற்குப் பிறகு சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்தச் சாய்வில்தான். தட்டில் சோறு ஒரு பக்கமாக ஒதுங்கும், சரியாது. மைத்துனன் வரும்போதெல்லாம், யாரும் சொல்லாமலே இன்னொரு நாற்காலிக்கும் செங்கல் வைத்து, மாமாவோடு சேர்ந்து சாய்ந்து உட்கார்ந்து பார்த்தான்.

படகை ஓட்டிய மைத்துனனுக்கு நன்றாகத் தெரியும், அவனுடைய அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். சாகும்வரை அவள் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை.