சந்தனம் அழியாத கம்பி

முன்சக்கரத்துக்கு மேலே இரண்டு ஸ்பிரிங், சீட்டுக்குக் கீழே விரல் தடிமனில் இன்னொன்று. இத்தனை இருந்தும் வேங்கிக்கால் ஏரிக்கரையின் கல் பாதையில் அந்தப் புதுச் சைக்கிள், ஆதிலட்சுமியின் பழைய சைக்கிளைப் போலவே அவள் இடுப்பில் குத்தியது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குத்து.

அவள் இறங்கி, சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு அதையே முறைத்துப் பார்த்தாள். கை வலிக்கவில்லை, தோள் வலிக்கவில்லை. இடுப்பு மட்டும்தான். கடைக்காரன் கண்ணாயிரம் ஏறி உட்கார்ந்து காட்டியபோது பின்பக்கம் அழகாக அமுங்கி எழுந்ததை அவளே கண்ணால் பார்த்தாள். அவனுக்கு அமுங்கும் ஸ்பிரிங் தனக்கு ஏன் அமுங்கவில்லை?

மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்த மகன் புகழேந்தி வண்டியை நிறுத்தினான்.

"இன்னாம்மா, மேகத்துல போற மாதிரி இருக்கா?"

"மேகத்துல கல்லு கொட்டி வெச்சிருக்காங்கடா."

"அப்ப விட்டுடு. பேசினபடி செய்யி."

பேசினது இதுதான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாக வேலை பார்த்த காலமெல்லாம் ஆதிலட்சுமி சைக்கிளில்தான் போனாள். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் ஏரிக்கரை வழியாக ஒரு சுற்று போய் வருவாள். யாரையும் கேட்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப அவளுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். போன வருஷம், 2003-இல், இடுப்பில் தேய்மானம் வந்தது. "சைக்கிள் ஓட்டலாம், குலுங்கக் கூடாது" என்றார் டாக்டர். கல் பாதையில் குலுங்காமல் போவது எப்படி? ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிள் ஒன்றுதான் வழி என்று ஆதிலட்சுமி முடிவு செய்தாள். ஐம்பத்தொன்பது வயதில் இதென்ன கூத்து என்று புகழேந்தி கேட்க, இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இன்று ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது. வலித்தால் சைக்கிளை அடியோடு விட்டுவிட்டு, எங்கே போவதானாலும் அவன் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போவது.

சைக்கிளை அவள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. தேரடி வீதியில் கண்ணாயிரத்தின் கடையில் முதலில் முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் உள்ளதை ஓட்டினாள். கை பிழைத்தது, இடுப்பு பிழைக்கவில்லை. மனுஷியின் பாரத்தில் பெரும்பங்கைப் பின்சக்கரம்தானே தாங்குகிறது? அதனால் பின்னாலும் ஸ்பிரிங் உள்ள 'டபுள் ஷாக்' வண்டி வேண்டும் என்று கேட்டு, ஓட்டிப் பார்க்க எடுத்து வந்தாள். அப்படிக் கடையில் இருந்தது இது ஒன்றுதான். நடுக்கம்பி சரிந்து இறங்கியதால் காலை உயரத் தூக்காமல் தாண்ட முடிந்தது. இறங்கும்போது இரண்டு பாதமும் தரையைத் தொட்டன. வயதானவர்கள் சைக்கிள் வாங்கினால் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும், ஓடும்போது விழுவதைவிட நிற்கும்போது விழுவதுதான் அதிகம் என்று அவளே கண்ணாயிரத்துக்கு விளக்கினாள்.

எல்லாம் சரியாகப் பார்த்தாள். பிறகு எது தப்பாகிப்போனது?

"சாயங்காலம் வேலூர்லேர்ந்து ஒருத்தர் இத வாங்கறதுக்குன்னே வர்றாராம்மா. கடையிலயே கொண்டு போயி குடுத்துடலாம்" என்றான் புகழேந்தி.

"சாயங்காலம்தானே? இரு."

அவள் குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தாள். பளபளக்கும் இரண்டு குழாய்களிலும் காலையில் வைத்த சந்தனம் தேய்ந்து, இரண்டு விரல் நீளத்துக்கு மஞ்சளாக இழுபட்டிருந்தது. பொட்டு வைக்காமல் கண்ணாயிரம் எந்த வண்டியையும் கடை வாசல் தாண்ட விட மாட்டான், ஓட்டிப் பார்க்க எடுப்பதானாலும் சரி. ஹேண்டில்பாரில் ஒன்று, முன் குழாய்களில் ஒவ்வொன்று, பின் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே தெரியும் கம்பியில் ஒன்று.

ஆதிலட்சுமி பின்பக்கம் போய் உட்கார்ந்து சுருள்களுக்குள் எட்டிப் பார்த்தாள். கம்பியின் மேல் சந்தனம் வைத்தது வைத்தபடி காய்ந்து இருந்தது. கண்ணாயிரத்தின் விரல் ரேகைகூட அழியவில்லை.

"புகழு, இங்க வா. இதப் பாரு."

"சந்தனம்."

"சந்தனம்னு எனக்குத் தெரியாதா? ஸ்பிரிங் அமுங்கினா இந்தக் கம்பி மேல இருக்கிற குழாய்க்குள்ள போவணும். போயிருந்தா குழாய் விளிம்பு சந்தனத்தை வழிச்சிருக்கும். முன்னாடி வழிச்சிருக்கு. பின்னாடி வழிக்கல. அப்ப இவ்ளோ தூரமும் பின் ஸ்பிரிங் ஒரு நூல்கூட அசையலடா. சும்மா இரும்புக் கட்டையாட்டம் நின்னுட்டு வந்திருக்கு!"

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துப் புகழேந்திக்குப் பயமாக இருந்தது. அம்மா இனி விடமாட்டாள்.

கடையில் கண்ணாயிரம் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஸ்பிரிங் அமுங்கலையா? நர்சம்மா, நான் உக்காந்து காட்டல?"

"நீ எவ்ளோ வெயிட்டு?"

"அத்த எதுக்குங்க கடை வாசல்ல கேக்கறீங்க?"

"சொல்லுப்பா. நீ என்னாட்டம் ரெண்டு பேர் இருப்ப. இந்த வளையத்தை யாரு இறுக்கினது?" ஸ்பிரிங்கின் தலையில் மரை போட்ட ஒரு வளையம் இருந்தது. அது மரையின் கடைசி வரை இறங்கி ஸ்பிரிங்கை நெருக்கிக்கொண்டிருந்தது.

"நான்தான். வர்ற வண்டிக்கெல்லாம் முழுசா இறுக்கிடுவேன். நம்மூர்ல சைக்கிள்னா மூட்டை ஏறும், மச்சான் ஏறுவான். கம்மியா இறுக்கினா வண்டி ஆடுதுன்னு திருப்பிக் கொண்டாந்துடுவாங்க. டைட்டா இருந்தாதான வண்டி?"

ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைகளை எடை போடத் தொங்கவிடும் ஸ்பிரிங் தராசு அவள் நினைவுக்கு வந்தது.

"தொட்டில் மாதிரி துணியில கொழந்தைய வெச்சு எடை போடுவேனே, அந்தத் தராசுலயும் ஒரு திருகு இருக்கும். அத ஜாஸ்தியா இறுக்கிட்டா கனமான கொழந்தைக்குத்தான் முள்ளு நகரும். மெலிஞ்ச கொழந்தைய வெச்சா அப்படியே பூஜ்யத்துல நிக்கும். ஸ்பிரிங்கை முன்னாடியே நீ அமுக்கி வெச்சுட்ட. அந்த அமுக்கத்தை ஜெயிக்கிற பாரம் ஏறினாத்தான் அது அசையவே ஆரம்பிக்கும். உன் பாரம் ஜெயிச்சுது. என் பாரம் தோத்துச்சு."

கண்ணாயிரம் தலையைச் சொறிந்தான். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து, கம்பியில் புதிதாக ஒரு பூச்சுப் பூசிவிட்டு வளையத்தைச் சுழற்றினான். உற்சாகத்தில் மறுகோடி வரைக்கும் தளர்த்திவிட்டான். ஆதிலட்சுமி ஏறி உட்கார்ந்ததுமே சைக்கிள் பாதிக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. வாசல் படியில் இறக்கியபோது உள்ளே 'டக்' என்று அடிமுட்டியது.

"அய்யய்யோ, இதுவும் இடுப்புக்கு ஆவாது" என்றாள். "கல்லு வர்றதுக்கு முன்னாடியே அமுங்கித் தீந்துட்டா, கல்லுக்கு மிச்சம் ஏது? சக்கரம் மேட்டுல மேல போவணும், பள்ளத்துல கீழ எறங்கணும். ரெண்டுக்கும் எடம் விட்டு நடுவுல நிக்கணும்ப்பா."

வளையத்தைக் கொஞ்சம் இறுக்குவார்கள். அவள் உட்கார்வாள், இறங்குவாள். மூவரும் குனிந்து சந்தனம் எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இப்படியே போனது. பக்கத்துப் பூக்கடைக்காரி பச்சையம்மாள், "சைக்கிளுக்கு இன்னா, பிரசவமா பாக்கறீங்க நர்சம்மா?" என்று கேட்டாள். கடைசியில் வெளியே தெரிந்த இரண்டு விரற்கடை நீளக் கம்பியில் அரை விரற்கடைக்குச் சந்தனம் அழிந்த இடத்தில் ஆதிலட்சுமி கையைத் தூக்கினாள்.

"போதும். கை வைக்காத."

மறுபடியும் ஏரிக்கரை. புகழேந்தி பின்னாலேயே வந்தான். மதகுக்குப் பக்கத்தில் கருங்கல் துருத்திக்கொண்டிருக்கும் அந்த இடத்தில் அம்மா எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாள். இன்று இறங்கவில்லை. முன்சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் மூச்சு விடுவது போல அமுங்கி விரிந்தது. அவள் இடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த கல், அதற்கடுத்த பள்ளம், அதற்கும் அடுத்த வேர். ஆதிலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். தண்ணீரில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"எம்மா! மெதுவா போம்மா! என் வண்டி தூக்கித் தூக்கிப் போடுது!"

"ஒடம்பு வலிச்சா என் பின்னாடி வந்து உக்காருடா!"

கரையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்து அவள் மரத்தடியில் நின்றாள், இரண்டு பாதமும் தரையில் ஊன்றி. புகழேந்தி இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். அவன் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: "வலிக்கல."

வேலூர்க்காரர் வருவதற்கு முன்பே சைக்கிள் ஆதிலட்சுமியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் கண்ணாயிரம் எந்த டபுள் ஷாக் வண்டியையும் கண்ணை மூடி இறுக்குவதில்லை. வாங்குகிறவர் கேட்டால் நர்சம்மா சொன்னதையே சொல்வான்: கம்பியில் சந்தனம் பூசு, ஓட்டப்போகிறவரையே ஏற்றி உட்கார வை, கம்பியில் கால் பங்கு சந்தனம் அழிகிற வரைக்கும் வளையத்தைத் தளர்த்து, அங்கேயே நிறுத்து.