சண்டைக்குக் கட்டம் இல்லை

ஊருக்கு நல்லது சொல்லப் போய் வம்பை விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. ஒரு பேராசிரியை அப்படித்தான் வாங்கினார். ஆனால் வம்பு விடிந்தது என்னவோ மூன்றாம் மாடியில் இருந்த ஹார்ன் என்பவர் தலையில்.

ஆலைகள் மூடிய ஊர்களில் எல்லாம் வருஷக்கணக்காக அலைந்து, வேலை போனவர்களில் யார் மறுபடி எழுந்தார்கள், யார் விழுந்தே கிடந்தார்கள் என்று ஆராய்ந்தவர் அந்த அம்மாள். கையில் காசு வைத்திருந்தவனைவிட, கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் இருந்தவன்தான் சீக்கிரம் எழுந்தான் என்று கண்டுபிடித்து, 'உறவும் ஒரு சொத்துதான்' என்று எழுதினார். ஊர் உலகமெல்லாம் கைதட்டியது. ஜனங்கள் கூடி உட்காரப் பூங்கா வையுங்கள், பெஞ்சு போடுங்கள் என்பதற்காக அவர் சொன்னது அது. உதவித்தொகை அலுவலகமோ அந்த ஒரு வரியோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டது. சொத்து உள்ளவனுக்கு உதவித்தொகை எதற்கு? வீடு வீடாகப் போய்ப் பாருங்கள், துணைக்கு ஆள் இருந்தால் தொகையை நிறுத்துங்கள் என்று உத்தரவு வந்தது. படித்தவர்கள் எழுதியதைப் பாதி படித்தவர்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான்.

ஹார்ன் லாரி ஓட்டியவர். சரக்கு சரிந்து இடுப்பு போனபின் கைத்தடியோடு கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறார். குரல் மட்டும் பழுதாகவில்லை. படிக்கட்டில் யார் காலடி கேட்டாலும் மேலிருந்து ஒரு சத்தம் கொடுப்பார். ஹார்ன் என்ற பெயர் வந்த கதை அதுதான். அவருடைய வாடகை அந்த உதவித்தொகையில்தான் ஓடியது. அது நின்றால் அறையைக் காலி செய்துவிட்டு, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அரசுக் காப்பகத்துக்குப் போக வேண்டியதுதான்.

அவருக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், தையல்காரி. அவள் வாய்க்குப் பயந்துதான் கட்டடத்துச் சொந்தக்காரரே குழாயைப் பழுது பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்னுக்கும் அவளுக்கும் சொந்தம் கிந்தம் எதுவும் இல்லை. 'அண்ணே' என்பாள், அதே மூச்சில் திட்டுவாள்.

உத்தரவு வந்த செய்தி தெரிந்ததும் அவள் தன் அறையில் ஒரு கூட்டம் போட்டாள். தரைத்தளத்துப் பேக்கரிக்காரரும், ஹார்னுக்கு எதிர்க்கதவு நர்ஸும் வெட்டுத்துணிக் குவியலுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணனுக்கு யாருமே இல்லைன்னு காட்டணும். அவ்வளவுதானே? யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க. முகத்தைக் கொஞ்சம் கடுகடுன்னு வச்சுக்குங்க."

"நான் பொய் சொன்னா காது சிவந்துடும்மா," என்றார் பேக்கரிக்காரர்.

"அடுப்புகிட்ட நிக்கிறவருக்குக் காது சிவந்தா யாரு சந்தேகப்படப் போறா?"

ஒத்திகை நன்றாகத்தான் நடந்தது. பிறகு தடயம் அழிக்கும் வேலை. நர்ஸ் கொடுத்த மாத்திரைப் பெட்டி, சாய்வு நாற்காலி, போர்வை எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயின. ரொட்டிக் கூடையும் பாத்திரங்களும் தரைத்தளத்துக்கு இறங்கின. தையல்காரி ஸ்டூலில் ஏறித் தன் கையால் தைத்த திரைச்சீலையைக் கழற்றினாள். ஹார்ன் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். முதலில் சிரித்தார், சுவர்க் கடிகாரம் போனபோது சிரிப்பும் போய்விட்டது. கொடுத்ததை எல்லாம் எடுத்தபின் அந்த அறையில் மிஞ்சியது கட்டிலும், ரேடியோவும், அவரும்தான். இத்தனை நாளும் இங்கே குடியிருந்தது தாங்கள்தானா என்று தையல்காரிக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனால் காரியம் பெரிது, வீரியம் பெரிதல்ல என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை அதிகாரி வந்தாள். நடுத்தர வயது, களைத்த முகம், கையில் ஒரு பலகைபோன்ற கணினி. தரைத்தளத்திலிருந்தே ஆரம்பித்தாள்.

"மூணாவது மாடியில இருக்கறவரைத் தெரியுமா?"

"யாரு, ஹார்னா?" என்றார் பேக்கரிக்காரர். "அப்படி ஒரு ஆள் இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க."

அதிகாரி அவரையும் அவர் காதையும் ஒரு நிமிஷம் பார்த்தாள். கணினியில் தட்டிவிட்டு மாடி ஏறினாள். பின்னாலேயே வந்த தையல்காரிக்கு, அந்த மனுஷனை அவருடைய அடுப்பிலேயே வைத்துச் சுட்டால் என்ன என்று தோன்றியது.

நர்ஸ் பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்தாள். "எதிர்வீடுதான். ஆனா முகம் பார்த்ததில்ல. ஒரு நாளும் கதவைத் தட்டினதில்ல. அவர் இருந்தா என்ன, இல்லேன்னா என்ன?"

ஹார்னின் கதவு திறந்தே இருந்தது. அவர் காதில் அத்தனையும் விழுந்திருக்கும்.

அதிகாரி உள்ளே போய்த் திரையில்லாத ஜன்னலையும் வெறும் சுவரையும் பார்த்தாள். கணினியில் இன்னும் கொஞ்சம் தட்டினாள்.

"சரி. இவருக்குத் துணை யாரும் இல்லைன்னு உறுதியாயிடுச்சு."

வாசலில் நின்ற தையல்காரிக்கு வாயெல்லாம் பல். "அப்போ தொகை தொடர்ந்து வரும்ல?"

"வராது. இடுப்பு இப்படி இருக்கு, எட்டிப் பார்க்க ஒரு ஆள்கூட இல்ல. இவரைத் தனியா விடக் கூடாதுன்னு விதி. வியாழக்கிழமை காப்பகத்து வண்டி வரும். துணியெல்லாம் எடுத்து வச்சுடச் சொல்லுங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். துணை இருந்தால் பணம் இல்லை. துணை இல்லாவிட்டால் ஆளே இல்லை. தையல்காரி ஹார்னைப் பார்த்தாள். இப்போது ஒரு சத்தம் கொடுப்பார், கட்டடமே அதிரும் என்று காத்திருந்தாள்.

"சரிங்க," என்றார் ஹார்ன், மிக மெதுவாக.

அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும்.

"என்ன சரிங்க? யாரைக் கேட்டு சரிங்கறீங்க?"

"நீதானே என்னை அனாதையாக்கினே?" ஹார்னின் குரல் ஒரு படி ஏறியது. "திரையைக் கழட்டும்போது கை கூசிச்சா உனக்கு?"

"நீங்க மட்டும் யோக்கியமா? விடியறதுக்கு முன்னாடி தடியால தரையில டொக்கு டொக்குன்னு! ரத்தக்கொதிப்பை வச்சுக்கிட்டு சாப்பாட்டுல உப்பைக் கொட்டிக்கறது! மாத்திரையை முழுங்கிட்டேன்னு சொல்லிட்டு மெத்தைக்கடியில ஒளிச்சு வைக்கிறது!"

"உன் மெஷின் சத்தத்துல மனுஷன் ரேடியோ கேக்க முடியுதா?"

"ராத்திரி உங்க குறட்டை சத்தத்துல நான் தூங்க முடியுதா? அதுவும் நடுநடுவுல நின்னு போகும். மறுபடி ஆரம்பிக்கிற வரைக்கும் நான் கூரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஹார்ன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று அதிகாரி கேட்டாள்.

சிநேகிதி என்றால் பணம் போச்சு. யாரோ என்றால் அண்ணன் போச்சு. தையல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஜென்மப் பகைங்க."

அதிகாரி கணினித் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "சொந்தம், நட்பு, உதவின்னு மூணு கட்டம்தான் இருக்கு. சண்டைக்குக் கட்டம் இல்ல."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அதைச் சொத்துல சேர்க்க முடியாது." அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "சண்டை தினமும் நடக்குமா?"

"தினமும்," என்றாள் தையல்காரி.

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னிக்கு ரெண்டு வேளையும்," என்றார் ஹார்ன், பழைய குரலில்.

அதிகாரி வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினாள்: "கீழ்வீட்டாருடன் தினசரித் தகராறு. ஒரு நாள் இவர் குரல் கேட்காவிட்டாலும் தெரிந்துவிடும். தனியே விடுவதால் ஆபத்தில்லை. தொகை தொடரலாம்." கணினியை மூடினாள். "நான் அடுத்த வருஷமும் வருவேன். அதுக்குள்ள சமாதானம் கிமாதானம் ஆயிடாதீங்க."

தையல்காரி அவளை வழியனுப்பப் படிக்கட்டு வரை வந்தாள். நன்றி சொல்வதா, கூடாதா என்று புரியவில்லை. பகையாளி எதற்கு நன்றி சொல்லுவாள்?

ஒரு படி இறங்கிய அதிகாரி நின்றாள். "நான் இருக்கற கட்டடத்துல யாரும் என்கூட சண்டை போட்டதே இல்ல. ரொம்ப அமைதியான கட்டடம்."

தையல்காரி அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தாள். தொழில் புத்தி, கண் நேரே துணிக்குத்தான் போயிற்று. பேண்ட்டின் அடிமடிப்பு பிரிந்து, குதிகாலுக்கடியில் மிதிபட்டு அழுக்கேறிக் கிடந்தது.

"என்னம்மா இது? எத்தனை நாளா இப்படித் தொங்குது? இதோட ஊர் ஊரா மாடிப்படி ஏறி இறங்குறீங்களே, தடுக்கி உருண்டா யாரு தூக்குவா? போகாதேன்னு சொல்ல வீட்டுல ஒரு ஆள் இல்லையா?"

"இல்ல," என்றாள் அதிகாரி.

தையல்காரிக்கு வாய் அடைத்துப்போயிற்று. கட்டடத்தில் அவளுக்கு வாய் அடைத்ததை யாரும் பார்த்ததில்லை. அதிகாரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இறங்காமல், முகத்தை நிமிர்த்தி நின்றாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டுங்க."