கண்டலாக முளைத்த நவதானியம்

1927ஆம் ஆண்டு தை மாதம், கிள்ளான் கடலோரச் சேற்றில் தெளித்த ஒன்பது தானியங்களும் அலையாத்தி எனப்படும் கண்டல் மரக் கன்றுகளாக முளைத்தன. எள்ளில் வந்தவை சற்று ஒல்லி. மொச்சையில் வந்தவை மூன்றே நாளில் முழங்கால் உயரம். மற்றபடி வித்தியாசம் சொல்ல முடியாது.

தெளித்தவர் சின்னையா, அந்தக் காட்டில் விறகு வெட்டி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேற்றிய கூலி. இரண்டு வருஷம் முன்பே காட்டில் நோய் விழுந்து, மரங்கள் பட்டை வெடித்து நின்றபடியே செத்திருந்தன. விதை போட ஒரு மரம் மிஞ்சவில்லை. கன்றுகள் தானாக முளைத்தால் காட்டை விட்டுவைப்பது, இல்லையென்றால் வாய்க்கால் வெட்டித் தென்னை போடுவது என்று காட்டிலாகா மேலிடத்தில் முடிவாகியிருந்தது. இந்த நேரம் பார்த்து அவர் மனைவி சீதாலெட்சுமி காய்ச்சலில் போனாள். வெள்ளத்தில் பாதை அறுந்து இடுகாட்டுக்குப் போக வழியில்லாமல், காட்டுக்குள் ஒரு மேட்டில் புதைத்தார்கள். மறுநாள் பால் தெளிக்கும்போது, ஊர் வழக்கப்படி குழிமேல் நவதானியமும் தூவினார் சின்னையா. உப்புத் தண்ணீரில் பயறு எங்கே முளைக்கப்போகிறது என்று கூட வந்த நாகையா முணுமுணுத்தது அவர் காதில் ஏறவில்லை. அழுகையும் வரவில்லை, பசியும் இல்லை. வாய்க்கால் வெட்டும்போது அவளையும் தோண்டி எறிந்துவிடுவார்களே என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

மாசியில் கன்றுகளை எண்ண, கோலாலம்பூரிலிருந்து காட்டிலாகாவில் கணக்கெழுதும் கார்த்திகேசு என்ற யாழ்ப்பாணத்துக் கிராணி கயிறும் குச்சிகளுமாக வந்தார். அதற்குள் கன்றுகள் செத்த மரங்களுக்கிடையே அரை மைல் பரவியிருந்தன. கையால் நட்டது கணக்கில் சேராது என்பது சட்டம்.

“உண்மையைச் சொல்லு. இதெல்லாம் நீ நட்டனியோ?”

“நடலீங்கய்யா. எம் பொஞ்சாதி காரியத்துக்குத் தெளிச்சேன். பயறு வரணும், இது வந்திருக்கு.”

கார்த்திகேசு வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார். “பயறு விதைச்சுக் கண்டல் வந்தால், அது தானா வந்ததுதானே. அப்பிடியே எழுதுறன்.”

தென்னை போடும் திட்டம் பந்திங் ஊர்ப் பக்கம் போய்விட்டது. காடு பிழைத்தது. மறு வருஷம் திதிக்குச் சூடத்தோடு போன சின்னையாவுக்கு எது மேடு, எது குழி என்று தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே உயரத்தில் ஒரே இலை. அரை நாள் அலைந்தார். பிறகு கைக்கு எட்டிய ஒரு கன்றின் அடியில் சூடத்தை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனார். அதற்கடுத்த வருஷம் வேறொரு கன்று.