தபால் அட்டையின் பின்பக்கம்

போதகர் வீட்டைக் காலி செய்ய இன்னும் பதினொரு நாள் இருந்தது. புதிதாக வரும் போதகர் குடும்பத்துக்கு அந்த வீடு வேண்டும். பழைய போதகர் கண்ணை மூடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது. பிறக்காதது மூன்று ஆல்பங்களுக்குத்தான்.

அவற்றில் நானூற்றுப் பன்னிரண்டு படத் தபால் அட்டைகள் இருந்தன. எல்லாம் அறுபது எழுபது வருஷத்துக்கும் முன் அச்சானவை. துறைமுகம், ரயில் நிலையம், கையால் வண்ணம் தீட்டிய கடைத்தெரு, பெரிய தொப்பி வைத்த குழந்தைகள். வீடு வீடாக ஜெபிக்கப் போன கையோடு போதகர் சேர்த்தவை. சபையில் அவருக்குக் 'கார்டு பாஸ்டர்' என்றே பெயர். ஜெபத்தின்போதுகூட அவருடைய ஒரு கண் சுவரில் மாட்டிய படத்தின் மேல் இருக்கும் என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களே பரணைக் கிளறி அட்டை கொண்டுவந்தும் கொடுப்பார்கள்.

அவர் சேர்த்த விதம்தான் வேறு யாரும் சேர்க்காத விதம். மற்றவர்களைப்போல மூலைகளைச் செருகி வைக்க மாட்டார். பின்பக்கம் முழுக்க மைதாப் பசை தடவி, படம் மட்டும் தெரியும்படி ஒட்டிவிடுவார். ஒட்டுவதற்கு முன் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் மாட்டார். படம் எல்லாருக்கும் பொது, எழுத்து ஒருத்தருக்கு மட்டும். நாள் முழுக்க ஜனங்களின் மனக்குறையைக் கேட்டுவிட்டு வருகிறவன், செத்தவர்களின் கடிதத்தையும் படிக்க வேண்டுமா என்பார்.

அருங்காட்சியகத்துக்காரர் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். முத்திரையும் தேதியும் தெரியாத அட்டைகளால் தங்களுக்குப் பயனில்லை, பிரித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார். போதகரின் மகள் ஒப்புக்கொண்டாள். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு ஒன்பது வருஷ வேலை. தண்ணீரைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்தி சபைக்குள் பரவிய ஞாயிற்றுக்கிழமையே நர்ஸம்மா வந்துவிட்டார். பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியும் முதுகு வளையாதவர். பிறந்தபோது மகளைக் கையில் ஏந்தியதே அவர்தான் என்பதால், முப்பத்தொரு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

நர்ஸம்மாவுக்கு நாலு வயதாக இருந்தபோது அவருடைய அப்பா கப்பலேறிப் போனார். போன இடத்திலிருந்து ஒரே ஒரு அட்டை வந்தது. முன்பக்கம் துறைமுகப் படம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தெருவில் யாரோ படித்து, சீக்கிரம் வருவதாக எழுதியிருக்கிறார் என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி, அட்டைக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, நாற்பத்தொரு வருஷம் காத்திருந்துவிட்டு அம்மா போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த கையோடு நர்ஸம்மா அந்தச் சட்டத்தைக் கழற்றிப் போதகரிடம் கொடுத்துவிட்டார். நர்ஸம்மாவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் திருப்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

"இப்ப அதெல்லாம் வடிஞ்சு போச்சு பாப்பா. அடுத்த மாசம் மகன் வீட்டோட போயிடறேன். அந்த மனுஷன் என்னதான் எழுதினாருன்னு ஒரு தடவை காதால கேட்டுட்டுப் போறேன். என் கண்ணு நம்பற மாதிரி இல்ல. நீதான் படிச்சுச் சொல்லணும்."

சனிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னாள் மகள்.

அந்த வாரம் மாலை வேளைகளில் முப்பத்தாறு அட்டைகளைப் பிரித்தாள். ஆல்பப் பக்கத்தோடு சேர்த்து வெட்டி, எனாமல் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் படம் மேலே இருக்கும்படி மிதக்கவிடுவாள். இருபது நிமிடத்தில் பசை இளகி, தாள் பாம்புச் சட்டைபோல் கழன்றுவிடும். பின்பக்க எழுத்து பழுப்பேறியிருந்ததே தவிர அசையவில்லை. அந்தக் காலத்து மையில் இரும்பு உண்டு, தண்ணீருக்கு மசியாது. முப்பத்தாறு அட்டைகளிலும் அப்படித்தான் இருந்தது. முப்பத்தேழாவதும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினாள். வேலை செய்யும் இடத்தில் வேறு யாராவது இப்படி நம்பியிருந்தால், ஒரு பானைச் சோற்றுக்குத்தான் ஒரு சோறு பதம், முப்பத்தேழு பானைக்கு அல்ல என்று அவளே சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை காலை, நர்ஸம்மா அடையாளம் காட்டிய துறைமுக அட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது தட்டின் ஓரத்தில் ஊதா நிறம் புகைபோலச் சுருண்டுகொண்டிருந்தது.

பார்த்த உடனே புரிந்தது. அது மை அல்ல, நனைந்தால் மையாகும் பென்சில். மைப்புட்டி வைத்துக்கொள்ள முடியாத இடங்களில் அந்தக் காலத்தில் அதைத்தான் வைத்திருந்தார்கள். அதில் உள்ள சாயத்தைத்தான் கிருமிகளைப் பார்க்க அவள் தினமும் கண்ணாடித் தகட்டில் விடுகிறாள். எழுதியவர் ஊன்றி எழுதியிருக்க வேண்டும். நிறைய எழுதியிருக்கவும் வேண்டும். அவ்வளவு ஊதா.

அள்ளி எடுத்துத் திருப்பினாள். வலப்பக்கம் வேறு யாரோ மையில் எழுதிய விலாசம் பிசகாமல் இருந்தது. முத்திரையும் தேதியும் தெளிவாக இருந்தன. அருங்காட்சியகத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. இடப்பக்கம் முழுக்க ஒரே ஊதாத் திட்டு. பென்சில் அழுத்திய தடமாவது தெரிகிறதா என்று ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தாள். அட்டை ஊறி உப்பி, தடமெல்லாம் மறைந்திருந்தது.

மகளின் அம்மா வந்து பார்த்தாள். பிறகு, தெருக்காரர் அன்றைக்குப் படித்ததையே சொல்லிவிடலாம் என்றாள். சீக்கிரம் வருகிறேன் என்று இருந்தது, அவ்வளவுதான்.

"அப்படித்தான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதேம்மா."

"அவங்களுக்கு மட்டும் தெரியுமா?"

"இந்த வீட்டுல உக்காந்துக்கிட்டு எப்படிம்மா..."

"இந்த வீட்டு மனுஷன் முப்பது வருஷம் சாவு வீடுகள்ல ஆறுதல் சொன்னாரு. ஒவ்வொண்ணுக்கும் அத்தாட்சி கையில வச்சுக்கிட்டா சொன்னாரு?"

ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவது அவளுக்குப் பழக்கமில்லை.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே நர்ஸம்மா வந்துவிட்டார். புடவை புதிதாக இஸ்திரி போட்டிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர், பென்சில், தான் சோதித்துப் பார்க்காமல் விட்டது. அட்டையை மேஜைமேல் ஒற்றுத்தாளோடு வைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நர்ஸம்மா அட்டையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"நீ படிச்சிருக்கே" என்றார்.

இல்லை என்றாள்.

"எத்தனை அம்மாங்ககிட்ட குழந்தை தங்கலன்னு சொன்ன ஆளு நான். சொல்ல முடியாத சேதிய வச்சுக்கிட்டு நிக்கிற மூஞ்சி எனக்குத் தெரியாதா? பொல்லாதது ஏதோ எழுதியிருந்திருக்கு. நான் கேக்க வேண்டாம்னு தண்ணியில போட்டுட்டே. தப்புன்னு சொல்லல பாப்பா. நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

மகள் சத்தியம் செய்யாத குறைதான். சொல்லச் சொல்ல நர்ஸம்மாவின் முகம் கனிந்துகொண்டே போனது. நல்ல பிள்ளை என்றார். அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய் என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"வேற எதையும் கேக்க மாட்டேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை இருந்துச்சா? நாலு வயசுப் பொண்ணு ஒருத்தி இருந்தாளே. என் பேராவது இருந்துச்சா?"

வாசல் நிலையைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள். காலையிலிருந்து மகள் கட்டிக் காத்ததெல்லாம் ஒரே நொடியில் கைநழுவியது.

"இருந்துச்சு" என்றாள் மகள்.

நர்ஸம்மா தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். அவசரமில்லாமல், ஆசையாகக் கேட்டார்.

"எந்தப் பேரு பாப்பா? அப்பா எனக்குன்னு வீட்டுல ஒரு பேரு வச்சிருந்தாரு. அவரு மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாரு. அதுவா, ஞானஸ்நானப் பேரா?"

மகள் வாயைத் திறந்தாள். ஒன்றைச் சொல்லியிருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அந்தச் செல்லப் பெயர் என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

நர்ஸம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் இருந்த கனிவு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"அப்ப நெஜமாவே நீ படிக்கல" என்றார்.

"இல்ல."

திரும்ப உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை நாற்காலியில் முழுக்கச் சாய்ந்து, பையைத் தரையில் விட்டு உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கவில்லை.

"பொல்லாததா இருந்தாலும் ஏதோ ஒண்ணு இருந்துச்சுன்னு மனசுல வச்சிருந்தேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "திட்டியிருந்தாக்கூட அவரு சொன்னதா இருந்திருக்கும்."

மகள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினாள். அதற்குள் அவர் கையை நீட்டி மேஜையிலிருந்த அட்டையை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஊதாத் திட்டைத் தாண்டி, விலாசத்தில் இருந்த தன் அம்மாவின் பெயரை விரலால் தடவி எழுத்துக் கூட்டினார். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.